சுத்தப் பரிசோதனையில் மதிப்பெண் இழந்த பற்கள்: சித்தூர் வட்டத்துத் தமிழ்ப் பள்ளி ஒன்றின் குடிநீர்க் கல்வி

பின்புலம்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில், பொள்ளாச்சியையும் கோவையையும் ஒட்டிக் கிடக்கும் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தின் கீழ்ப்புறம், கேரளம் என்றதும் வெளியூர்க்காரர் நினைவில் எழும் நிலத்தோடு சற்றும் பொருந்தாதது. மாநிலத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் என்றால், மலை மறைவில் கிடக்கும் கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி ஊராட்சிகளில் அதில் பாதிகூடப் பெய்வதில்லை. கரிசல் மண்ணும் கள் இறக்கும் தென்னந்தோப்புகளும் கோடையில் தண்ணீர் லாரியை எதிர்பார்த்து நிற்கும் குடங்களும் இங்கு இயல்பான காட்சிகள். வீட்டிலும் சந்தையிலும் கொங்குத் தமிழ் பேசுகிற மக்கள், தாலுகா அலுவலகத்தில் மலையாளத்தில் மனு எழுதுகிறார்கள். பிள்ளைகளில் பலர் தமிழ்வழிப் பள்ளிகளில் படிக்கிறார்கள்.

இந்தப் பகுதிக்குத் தண்ணீர் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, சித்தூர்ப் புழை என்னும் ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்துக் குழாயில் அனுப்பப்படும் நீர். 1970-ல் கையெழுத்தாகி 1958 முதல் முன்தேதியிட்டு நடைமுறைக்கு வந்த பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் கேரளத்துக்கு அளந்து விடப்பட வேண்டும். புழையின் பாசனமும் குடிநீரும் பெரிதும் அதை நம்பியே இருக்கின்றன. மற்றொன்று நிலத்தடி நீர். திறந்த கிணறுகள் வற்ற வற்ற, போர் போடுவது பெருகியது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் சித்தூர் வட்டாரத்தை அளவுக்கு மிஞ்சி நீர் உறிஞ்சப்படும் பகுதியாகத் தன் மதிப்பீடுகளில் மீண்டும் மீண்டும் குறித்திருக்கிறது.

இந்நிகழ்வு நடந்த பள்ளியில் ஒன்று முதல் ஏழாம் வகுப்பு வரை உண்டு. வளாகத்திலேயே ஆழமான போர் இருந்தது; மோட்டார் மூலம் மாடியில் உள்ள பிளாஸ்டிக் டேங்க்கில் ஏற்றிய நீரைப் பிள்ளைகள் குடித்தார்கள், சமையற்கூடமும் அதையே பயன்படுத்தியது. குழாய் இணைப்பும் இருந்தது, ஆனால் அதில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் நீர் சற்றுக் கலங்கலாக இருக்கும் என்பதால் தோட்டத்துக்கு மட்டுமே திருப்பப்பட்டிருந்தது. போர்த் தண்ணீர் கண்ணாடிபோல் இருந்ததால் அதன்மேல் யாருக்கும் ஐயம் எழவில்லை.

அந்தப் பகுதிக்குப் பொறுப்பான சுகாதார ஆய்வாளராக இந்நிகழ்வில் பங்கெடுத்தவன் என்ற முறையில் இதைப் பதிவு செய்கிறேன். பள்ளியையோ பிள்ளைகளையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கவனத்துக்கு வந்த விதம்

பள்ளியில் சுகாதார மன்றம் ஒன்று உற்சாகமாக இயங்கியது. திங்கட்கிழமை தோறும் காலை வழிபாட்டுக்குப் பின் நகம், தலைமுடி, உடை, பல் ஆகிய நான்கையும் பார்த்து, சுத்தமாக இருப்பவர்க்கு வகுப்பறைப் பலகையில் நட்சத்திரம் ஒட்டுவார்கள். மாத இறுதியில் அதிக நட்சத்திரம் பெற்ற வகுப்புக்குச் சுழற்கோப்பை. நகம் வெட்டாத பிள்ளைகள் வெட்டத் தொடங்கினார்கள், பேன் குறைந்தது. திட்டம் பலன் தரவில்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியை, ஒரு மாணவி திங்கட்கிழமைகளில் மட்டும் வராமலிருப்பதை வருகைப் பதிவேட்டில் கவனித்தார். மற்ற நாட்களில் வருகிற, நன்றாகப் படிக்கிற பிள்ளை. வீட்டுக்குச் சென்று விசாரித்தபோது மாணவியின் அம்மிச்சிதான் (அம்மாவின் அம்மா) பேசினார்: "நானும் உமிக்கரி வெச்சுத் தேய்க்கச் சொல்லிப் பாத்துட்டேனுங்க டீச்சர். செங்கப் பொடியும் போட்டுப் பாத்தாச்சு. ஈறு புண்ணாகி ரத்தம் வந்துச்சே தவிரக் கறை போகலீங்க. இவ அக்காளுக்கு முத்தாட்டம் இருக்குது பல்லு. இவளுக்குச் சோம்பேறித்தனமுங்க, வேற என்ன?"

வாரந்தோறும் பல்லுக்கான நட்சத்திரத்தை இழந்ததாலும், அதனால் வகுப்பின் கோப்பை நழுவியதாகத் தோழிகள் சொன்னதாலும் அந்தப் பிள்ளை திங்களைத் தவிர்த்து வந்தது. பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொள்ளும் வழக்கமும் வந்திருந்தது. ஆசிரியை திரும்பி வந்து பழைய நட்சத்திரப் பட்டியல்களைப் புரட்டியபோது, பல்லில் மதிப்பெண் இழந்தவர்கள் வாரத்துக்கு வாரம் மாறவே இல்லை என்பது தெரிந்தது. நகத்துக்கு இழந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பல்லுக்கு இழந்தவர்கள் அதே பெயர்கள். பழக்கத்தால் வந்த குறை என்றால் அது ஏறி இறங்கியிருக்கும். ஒரு சுகாதாரத் திட்டத்தின் பதிவேட்டை இப்படி வாசிக்கத் தெரிந்த ஆசிரியர் அமைவது அரிது. அதன் பிறகு நடந்தவை அனைத்தும் அந்த வாசிப்பிலிருந்து கிளைத்தவையே.

கண்டறிந்தவை

ஆசிரியை என்னிடம் தெரிவித்ததை அடுத்துப் பிள்ளைகளின் பற்களைத் தனியறையில், ஒவ்வொருவராக, பெற்றோர் ஒப்புதலுடன் பார்த்தோம். சுண்ணாம்பு நிறத்தில் குறுக்குக் கோடுகள், சிலரிடம் மஞ்சள் திட்டுகள், சிலரிடம் பழுப்புக் கறையும் சிறு குழிகளும். முக்கியமான அடையாளம், வலப்பக்கப் பல்லில் உள்ளது அதே இடத்தில் இடப்பக்கப் பல்லிலும் இருந்தது. துலக்காததால் படியும் அழுக்கோ சொத்தையோ இப்படி இருபுறமும் ஒத்த வடிவத்தில் வருவதில்லை. தாலுகா மருத்துவமனையின் பல் மருத்துவர் பார்த்து, இது பல் ஃபுளோரோசிஸ், அதாவது நீரில் ஃபுளோரைடு என்னும் உப்பு மிகுவதால் பல்லின் மேற்பூச்சு கெடும் நோய், என்று உறுதி செய்தார். பெரும்பாலோருக்கு இலேசான நிலை; திங்கட்கிழமைகளைத் தவிர்த்த மாணவிக்கு நடுத்தர நிலை.

பள்ளிப் போரின் நீர் மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டது. குடிநீரில் ஃபுளோரைடு ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் வகுத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5 தான். பள்ளியின் நீர் அந்த மேல் வரம்பையும் தாண்டியிருந்தது. அதே அறிக்கையில் நுண்ணுயிர்ப் பகுதி சுத்தமாக இருந்தது. கிருமிக்கு அஞ்சிச் செய்யப்படும் எல்லாச் சோதனைகளிலும் தேறக்கூடிய நீர் அது.

ஃபுளோரைடு இங்கு வந்த வழி எளிமையானது. கீழேயுள்ள கடும்பாறையில் அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களில் ஃபுளோரின் இருக்கிறது. மழை குறைந்து, நீர் பாறையிடுக்கில் நெடுங்காலம் தங்கி, காரத்தன்மை கூடும்போது அது கரைந்து நீரில் சேர்கிறது. போர் எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவு பழைய நீரை எட்டும் வாய்ப்பும் கூடும். இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. 1937-லேயே அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டிருக்கிறது. ஆந்திர எல்லையில் தெரிந்த ஒன்று கேரள எல்லைப் பள்ளிக்கூடத்துச் சுவரொட்டியில் இடம்பெற இத்தனை காலம் ஆயிற்று என்பதுதான் வியப்பு.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் முடிவு, பல்லுக்கான நட்சத்திரத்தை உடனே நிறுத்துவது. இதற்கு எதிர்ப்பு வெளியிலிருந்து வரவில்லை, சுகாதார மன்றத்துக்குள்ளேயே எழுந்தது. பரிசோதனையை நிறுத்தினால் பிள்ளைகள் பல் துலக்குவதையே விட்டுவிடுவார்கள் என்று பொறுப்பாசிரியர் அஞ்சினார். அந்த அச்சத்திலும் நியாயம் இருந்தது. ஃபுளோரோசிஸ் உள்ள பல்லுக்கும் சொத்தை வரும், குழி விழுந்த பல்லில் உணவு தங்குவதும் எளிது. இறுதியில், தோற்றத்தைப் பார்த்து மதிப்பிடுவது எந்த வகையிலும் கூடாது என்றும், மதிய உணவுக்குப் பின் வாய் கொப்பளிப்பதையும் கை கழுவுவதையும் எல்லோரும் சேர்ந்து செய்வது என்றும் ஏற்பட்டது. பிள்ளை செய்யக்கூடியதைப் பார்ப்பது, பிள்ளைக்கு நேர்ந்ததைப் பார்க்காதிருப்பது என்று தலைமையாசிரியை இதைக் குறிப்பேட்டில் எழுதினார்.

இரண்டாவது, குடிக்கவும் சமைக்கவும் புழைக் குழாய் நீருக்கு மாறுவது. வேறு வழிகளும் ஆராயப்பட்டன. படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து ஃபுளோரைடைப் படியவைக்கும் நல்கொண்டா முறை விலை குறைந்தது, ஆனால் ஒவ்வொரு நாளும் அளவு தவறாமல் கலக்க ஆள் வேண்டும். கூடினால் அலுமினியம் நீரில் தங்கும். ஊக்குவிக்கப்பட்ட அலுமினா வடிகட்டியை அவ்வப்போது காரமும் அமிலமும் இட்டுப் புதுப்பிக்க வேண்டும், பள்ளியில் அது நடவாது. ஆர்.ஓ. இயந்திரம் ஃபுளோரைடை நன்கு நீக்கும். ஆனால் உள்ளே வருவதில் பெரும்பகுதியைக் கழிவாகத் தள்ளும். கோடையில் லாரித் தண்ணீருக்கு வரிசை நிற்கிற ஊரில் அதை நிறுவ ஊராட்சி மெம்பர் ஒப்பவில்லை, என் கருத்தும் அதுவே. கையெட்டும் தூரத்தில் ஃபுளோரைடு குறைந்த மேற்பரப்பு நீர் இருக்கும்போது, கெட்ட நீரைத் திருத்துவதைவிட நல்ல நீரை எடுத்துக்கொள்வதே முறை. போர் மூடப்படவில்லை. கை கழுவ, கழிப்பறைக்கு, தோட்டத்துக்கு அது தாராளமாகப் போதும்; ஃபுளோரைடு தோல் வழியே உடலில் ஏறுவதில்லை. குடிக்கும் குழாய்க்கு நீலமும் கழுவும் குழாய்க்குச் சிவப்பும் அடித்தோம்.

மூன்றாவது, பிள்ளைகளுக்கும் ஊருக்கும் என்ன சொல்வது. இதில்தான் பெற்றோர் கூட்டம் நீண்டது. முதலில் எழுந்த கேள்வி, "எந்தக் கம்பெனிங்க காரணம்?" என்பது. பக்கத்துப் பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடாவில் குளிர்பான ஆலைக்கு எதிராக 2002-ல் தொடங்கிய போராட்டத்தை அறிந்தவர்கள் அவர்கள். தண்ணீர் கெட்டால் கெடுத்தவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. இது பாறையிலிருந்து வருவது என்று விளக்கியபோது, கோபப்பட ஆளில்லாத வெறுமை கூட்டத்தில் தெரிந்தது. அடுத்து ஒரு தகப்பனார், ஊர்ப் பெயரோடு இதைச் சேர்த்து வெளியே சொன்னால் நாளைக்குப் பெண் பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை வருவது கெடும் என்றார். அதைச் சிறிய பேச்சு என்று ஒதுக்கவில்லை. படம் எடுப்பதில்லை, எந்தப் பிள்ளையின் பல்லையும் மாதிரியாகக் காட்டுவதில்லை, நீரைப் பற்றி மட்டுமே பாடம் நடத்துவது என்று கூட்டம் ஒப்புக்கொண்ட பிறகே தொடங்கினோம்.

பாடம் நடந்த விதம்

ஐந்து முதல் ஏழு வரையிலான வகுப்புகளுக்கு முதலில் மூன்று கண்ணாடித் தம்ளர்கள் வைக்கப்பட்டன: பள்ளிப் போரின் நீர், புழைக் குழாய் நீர், கூரையிலிருந்து பிடித்த மழை நீர். எதைக் குடிப்பீர்கள் என்றதற்குப் பெரும்பாலோர் தயக்கமின்றிப் போர் நீரையே காட்டினர், மற்ற இரண்டிலும் இலேசான மங்கல் இருந்தது. பிறகு சோதனைப் பெட்டியின் சாயத்தைச் சொட்டினோம். சிர்கோனியம் கலந்த அந்தச் சாயம் ஃபுளோரைடு குறைந்த நீரில் இளஞ்சிவப்பாக நிற்கும். கூடக் கூட மஞ்சளாக மாறும். குழாய் நீரும் மழை நீரும் சிவப்பாகவே இருக்க, பிள்ளைகள் தேர்ந்தெடுத்த தம்ளர் மஞ்சளானது. வகுப்பு முழுவதும் எழுந்து மேசையருகே வந்துவிட்டது.

தொடர்ந்து, ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் குடிக்கிற நீரை, அதே நீரால் பாட்டிலை நன்றாக அலசி நிரப்பிக் கொண்டுவந்தார்கள். சார்ட் தாளில் தெருக்களை வரைந்து, வீட்டுக்கு வீடு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினார்கள்: சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள். ஆழப் போர் உள்ள தெருக்கள் பெரும்பாலும் மஞ்சளாயின. வாய்க்காலை ஒட்டிய பழைய திறந்த கிணறுகள் பெரும்பாலும் சிவப்பாக நின்றன. ஒழுங்கு குலைந்த வீடுகளும் இருந்தன. அடுத்தடுத்த இரண்டு போர்கள் வெவ்வேறு நிறம் காட்டியதற்கு, பாறை வெடிப்புகள் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி என்று சொல்லலாமே தவிர, துல்லியமான விடை எங்களிடம் இல்லை, அப்படியே சொன்னோம்.

பாடத்தின் மிகச் செறிவான பகுதி ஒரு மாணவனின் கேள்வியிலிருந்து வந்தது. அவன் குடும்பம் நான்காம் வகுப்பில் அவன் படிக்கும்போது ஒலவக்கோட்டிலிருந்து இங்கு குடிவந்தது. "நானும் இதே தண்ணிதான டீச்சர் குடிக்கறேன், எனக்கு ஏன் இல்ல?" என்று கேட்டான். நிரந்தரப் பற்களின் மேற்பூச்சு, பல் முளைக்கும் முன்பே, ஈறுக்குள் இருக்கும்போது உருவாகிறது. முன்பற்களுக்கு அது பிறந்தது முதல் ஏறத்தாழ நான்கைந்து வயதுக்குள் முடிந்துவிடும். கடைவாய்ப் பற்கள் வரை கணக்கிட்டால் எட்டு வயது. அந்தக் காலத்தில் குடித்த நீரின் ஃபுளோரைடுதான் பிறகு வெளிவரும் பல்லில் கறையாகத் தெரிகிறது. முளைத்து முடிந்த பல்லை இந்த நீர் கறையாக்காது. ஆசிரியை இதைக் கரும்பலகையில் ஒரு வயதுக் கோடாக வரைந்து, ஒவ்வொருவரும் தம் வீட்டில் எந்த வயதில் எந்தத் தண்ணீர் இருந்தது என்று குறிக்கச் சொன்னார்.

இதற்கு வீட்டில் விசாரிக்க வேண்டியிருந்தது. மறுநாள் ஐந்தாம் வகுப்பு மாணவி தன் கோட்டைக் கொண்டுவந்தாள். அக்காள் சிறுமியாக இருந்தபோது வீட்டில் திறந்த கிணறு இருந்தது. கிணறு வற்றி, தங்கை கைக்குழந்தையாக இருந்தபோது போர் போடப்பட்டது. ஒரே வீடு, ஒரே அம்மிச்சி, ஒரே உமிக்கரி. இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு தண்ணீர். யாரும் அவளை முன்னே அழைத்துப் பேசச் சொல்லவில்லை, கோட்டை ஆசிரியையின் மேசையில் மட்டும் வைத்தாள். அன்று மாலை ஆசிரியை அந்தத் தாளோடு மீண்டும் அந்த வீட்டுக்குப் போனார். அம்மிச்சி வெகுநேரம் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, "அப்போ போர் போட்ட அன்னைக்கே ஆரம்பிச்சிருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டாராம்.

தொடர்ந்த சிக்கல்கள்

கேரளத்தில் எந்த வீட்டிலும் பச்சைத் தண்ணீர் தருவது அரிது. சீரகமோ பதிமுகம் என்னும் மரப்பட்டைச் சீவலோ இட்டுக் கொதிக்கவைத்து ஆறவைத்ததே குடிநீர். இவ்வழக்கம் எல்லைத் தமிழர் வீடுகளிலும் ஊறிவிட்டது, பள்ளிச் சுவரிலும் "கொதிக்கவைத்த நீரையே பருகுவோம்" என்று எழுதியிருந்தது. எனவே தண்ணீர் விஷயம் பரவியதும் பல வீடுகள் போர் நீரை இன்னும் அதிக நேரம் கொதிக்கவைக்கத் தொடங்கின. கொதிப்பதால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் வற்றும் அளவுக்கு அதன் செறிவு கூடவே செய்யும். கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சாயம் இல்லாமலே காட்ட முடிந்தது. ஒரு பாத்திரத்தில் உப்புத் தண்ணீரைப் பாதியாக வற்றவைத்து, ஆறியபின் நாக்கில் தொட்டுப் பார்க்கச் செய்தார்கள். முகம் சுளித்த பிள்ளைகள் அதை வீட்டில் சரியாகச் சொன்னார்கள். சுவரில் இருந்த வாசகத்தின் மேல், "முதலில் நீலக் குழாய், பிறகு கொதி" என்று எழுதப்பட்டது. மொழிநடைக்கு அது பெருமை சேர்க்காது, ஆனால் வரிசை அதில் இருந்தது.

சில வீடுகளில் பற்பசையில் ஃபுளோரைடு இருப்பதைப் படித்துவிட்டு அதைத் தூக்கி எறிந்து, மீண்டும் செங்கல் பொடிக்குப் போனார்கள். பல் மருத்துவர் ஒரு மாலை வந்து, பட்டாணியளவு பசை எடுத்து, விழுங்காமல் துப்பினால் போதும், பொடிகள் பூச்சை அரித்து நிலையை மோசமாக்கும் என்று விளக்கினார். தேயிலையில் ஃபுளோரைடு அதிகம் என்பதால் சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) கொடுப்பதைக் குறைக்கவும், ஃபுளோரைடு உடலில் சேர்வதைக் கால்சியம் குறைக்கும் என்பதால் பால், ராகி, முருங்கைக் கீரை சேர்க்கவும் சொன்னார். சாயாவைப் பற்றிச் சொன்னது எந்த வீட்டிலும் நடப்பதாகத் தெரியவில்லை.

பெரிய சிக்கல் குழாய் நீரிலிருந்தே வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் நீரைச் சேமிக்கவேண்டும். சேமிப்பில் குளோரின் தீர்ந்துபோகும். புதிய டேங்க்கின் மூடி திறந்தே கிடந்தது, கீழ்வகுப்புகளில் எவர்சில்வர் பானைக்குள் தம்ளரை முக்கி எடுத்தார்கள். துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சிறு வகுப்புகளில் வயிற்றுப்போக்கு தலைகாட்டியது. பானை நீரை இட்ட ஹைட்ரஜன் சல்ஃபைடு சோதனைக் குப்பி மறுநாள் கறுத்துவிட்டது, மலக்கிருமி கலந்திருக்கிறது என்பதன் அறிகுறி. பாறையின் கேட்டிலிருந்து விலகி, கையின் கேட்டுக்குள் வந்திருந்தோம். போர் நீரே பரவாயில்லை என்று பெற்றோரில் சிலர் சொல்லத் தொடங்கிய அந்த வாரங்களில் முடிவு தலைகீழாகத் திரும்பியிருக்கவும் கூடும்.

திரும்பாமல் காத்தது ஏழாம் வகுப்பு. 1000 லிட்டர் நீருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது வழக்கமான அளவு. அதில் மூன்றில் ஒரு பங்கு குளோரின். டேங்க்கின் கொள்ளளவை அளந்து வேண்டிய அளவைக் கணக்கிடும் வேலை கணக்குப் பாடத்தோடு சேர்க்கப்பட்டது. பவுடரைக் கலப்பது பெரியவர் வேலையாகவே இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து நீலக் குழாயில் பிடித்த நீரில், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மீந்திருக்கிறதா என்று சொட்டு மருந்தால் பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். இந்தச் சோதனையில் மஞ்சள் வந்தால் நல்லது, ஃபுளோரைடு சோதனையில் மஞ்சள் வந்தால் கெட்டது என்பது சில நாள் குழப்பியது. இரண்டு பதிவேட்டுக்கும் வெவ்வேறு நிற அட்டை போட்ட பிறகு தீர்ந்தது. டேங்க்குக்குப் பூட்டும் பானைகளுக்குக் குழாயும் வந்தன. கை கழுவும் பாடம் இந்தக் கட்டத்தில்தான் உண்மையில் பிள்ளைகளுக்குப் பொருள்பட்டது என்று நினைக்கிறேன். கறுத்த குப்பியைப் பார்த்த பிள்ளையிடம் சோப்பைப் பற்றி நீண்ட உரை தேவைப்படவில்லை.

விளைவு

கல்வியாண்டு முடியும்வரை நீலக் குழாயின் பதிவேடு விடுபடாமல் எழுதப்பட்டது. வயிற்றுப்போக்கு மீண்டும் கூட்டமாக வரவில்லை. மாணவி திங்கட்கிழமைகளில் வரத் தொடங்கினாள். கறை அப்படியே இருக்கிறது. அது துலக்கிப் போவதில்லை. வளர்ந்தபின் மேற்பரப்பைத் தேய்த்துச் சீர்செய்யவோ பல் நிறப் பூச்சு இடவோ முடியும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், குடும்பம் இன்னும் அதற்குப் போகவில்லை. ஈறுப் புண் ஆறிவிட்டது.

ஊரில் மாற்றம் சீராக இல்லை. ஊராட்சி இரண்டு பொதுப் போர்களின் மேல் "குடிக்க வேண்டாம், கழுவலாம்" என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிவைத்தது. பல வீடுகள் குடிக்க மட்டும் இரண்டு குடம் குழாய் நீர் பிடிக்கின்றன. குழாய் நீர் நள்ளிரவில் வருகிற தெருக்களில், விடியுமுன் தோப்பு வேலைக்குப் போகிறவர்கள் விழித்திருந்து பிடிப்பதில்லை. அங்கு போர் நீரே தொடர்கிறது. இதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. அந்தத் தெருப் பிள்ளைகள் பாடத்தை முழுக்கச் சொல்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது பகலில் வரும் தண்ணீர்.

மாற்ற வேண்டியவை

அடுத்த பள்ளியில் இதை நடத்தினால் வரிசை மாறும். சுத்தப் பரிசோதனை எதையும் தொடங்குமுன் அந்தப் பள்ளியின் நீரைக் கிருமிக்கும் உப்புகளுக்கும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். பிள்ளையின் உடலில் தெரியும் எதையும் மதிப்பெண்ணாக்கும் திட்டம் அதன் பிறகும் வேண்டியதில்லை. நீர் மூலத்தை மாற்றுகிற நாளிலேயே புதிய மூலத்தின் ஆபத்துக்கான ஏற்பாடும், பூட்டும் குழாயும் குளோரினும், தயாராக இருக்க வேண்டும். இடையில் விட்ட சில வாரங்களில்தான் நம்பிக்கை ஆட்டம் கண்டது.

இவற்றைவிட முக்கியமானது வயதுக் கோடு சொல்வது. பத்து வயதுப் பிள்ளையின் முன்பல் என்றோ உருவாகி முடிந்தது. பள்ளியின் நீலக் குழாய் அவர்களுடைய எலும்புக்கு நன்மை, பிற்காலத்துக்கு நன்மை. பல்லுக்குக் காலம் கடந்தது. பல்லைக் காக்கக்கூடிய வயது அங்கன்வாடியில் இருக்கிறது, அதற்கும் முன்னால் கஞ்சி கரைக்கிற வீட்டு அடுப்பில் இருக்கிறது. நாங்கள் பள்ளியில் தொடங்கியதற்குக் காரணம் சிக்கல் அங்கே கண்ணில் பட்டது என்பதே. ஆனால் முதல் இணைப்பு அங்கன்வாடிக்கே போயிருக்க வேண்டும். இப்போது பள்ளி டேங்க்கிலிருந்து தினமும் ஒரு கேன் நீர் அங்கு போகிறது, நிரந்தரக் குழாய்க்கு ஊராட்சித் திட்டத்தில் எழுதியிருக்கிறது. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைத் தாய்மாரும் வரும் தடுப்பூசி நாளில் வயதுக் கோட்டை விளக்கும் பொறுப்பை ஆஷா பணியாளர் ஏற்றிருக்கிறார்.

தீராமல் இருப்பது கோடை. ஏப்ரல், மே மாதங்களில் பள்ளிக்கு விடுமுறை, அப்போதுதான் புழையில் நீர் குறைந்து லாரித் தண்ணீர் வருகிறது. லாரி எந்தப் போரில் நிரப்புகிறது என்பது நாளுக்கு நாள் மாறும், பிள்ளைகளின் வரைபடத்தில் அதற்கு இடமில்லை. ஊராட்சி அனுப்பும் லாரிகள் நிரப்பும் இடங்களை மார்ச் மாதத்திலேயே சோதித்து, தேறியவற்றில் மட்டும் நிரப்புவது என்று இப்போது ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. தனியார் லாரிகளுக்கு அந்த ஏற்பாடு இன்னும் இல்லை.